உறவின்முறையும் கூட்டு விழுமியமும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்துக் கீழை, மேலைப் பண்பாட்டுப் பகுப்பு குறித்த மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

மேலைப் பண்பாடு தனிமனிதத்தையும் கீழைப் பண்பாடு கூட்டுணர்வையும் முதன்மைப்படுத்துகின்றன என்னும் பகுப்பு பண்பாட்டு உளவியலில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தமிழ் ஆய்வுலகிலும் இது பெரும்பாலும் வினாவின்றி எடுத்தாளப்படுகிறது. விருதுநகர் உறவின்முறையின் மகமை, பிடி அரிசி ஆகிய நிதியமைப்புகளையும், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் உழைப்புமுறையையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அப்பகுப்பை மதிப்பிடுகிறது. ஒரு சமூகத்தில் கூட்டுணர்வு எவ்வளவு உள்ளது என்று அளப்பதைவிட, அக்கூட்டின் எல்லைக்குள் யார் உள்ளனர், யார் வெளியே நிற்கின்றனர் என்று வினவுவதே பயன் தரும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: உறவின்முறை, மகமை, பிடி அரிசி, கூட்டு விழுமியம், தனிமனித விழுமியம், சிவகாசி.

முன்னுரை

பண்பாட்டு ஒப்பீட்டு ஆய்வுகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. மேலை நாட்டினர் தம்மைத் தனியராகக் கருதுவர். கீழை நாட்டினர் குடும்பம், குலம், ஊர் ஆகியவற்றின் உறுப்பாகக் கருதுவர் என்பதே அது. இவ்வாய்பாட்டைத் தமிழ்ச் சமூகத்துக்குப் பொருத்துவோர் கூட்டுக்குடும்பத்தையும் விருந்தோம்பலையும் சான்றாகக் காட்டி நிறைவடைகின்றனர். கூட்டுணர்வு எவ்வாறு உருவானது, அதற்கு நிதி எங்கிருந்து வந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேட விருதுநகர் மாவட்டம் தக்க களமாகும். சமூகக் கூட்டுநிதியின் வரலாறும், தனி முதலாளர்களின் தொழில் முனைப்பும், கூலித் தொழிலாளரின் உயிர் இடரும் ஒரே வட்டாரத்தில் இங்கு அருகருகே காணக்கிடைக்கின்றன.

கோட்பாட்டுப் பின்புலம்

கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாநிரல்களின் அடிப்படையில் அவர் நாடுகளுக்கு மதிப்பெண் வழங்கினார். தனிமனிதப் போக்கிற்கான அளவீட்டில் அமெரிக்கா 91, இந்தியா 48, ஜப்பான் 46 எனப் பெற்றன. 'கீழை' என்று ஒரே தொகுதியில் அடக்கப்படும் இந்தியா அளவீட்டின் நடுப்பகுதியில் நிற்பது கருதத்தக்கது. மேலும், பன்னாட்டு நிறுவன ஊழியரின் விடைகளைக் கொண்டு சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் விழுமியத்தை அறிய இயலாது.

ஹாரி டிரியாண்டிஸ் இப்பகுப்பை மேலும் நுணுக்கமாக்கினார். கூட்டுப் போக்குடையோர் தம் அகக்குழுவினரிடம் ஒருவாறும் புறக்குழுவினரிடம் வேறுவாறும் நடந்துகொள்வர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சமநிலை, படிநிலை என்று கூட்டுணர்வு இருவகைப்படும் என்றும் பிரித்தார். இவை பயனுள்ள கருத்தாக்கங்கள். ஆயினும் அகக்குழு என்பது முன்னரே அமைந்து கிடக்கும் ஒன்றாகவே இவ்வாய்வுகளில் கொள்ளப்படுகிறது. அது வரலாற்றில் ஆக்கப்படுவது என்பதை விருதுநகர்ச் சான்று உணர்த்துகிறது.

மகமையும் பிடி அரிசியும்

நாடார் சமூக வரலாற்றை ஆராய்ந்த இராபர்ட் ஹார்ட்கிரேவ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் இச்சமூக வணிகர் காலூன்றியதை விவரித்துள்ளார். வண்டிகளில் சரக்கேற்றி வந்த வணிகர்கள் தங்கவும் சரக்கைக் காக்கவும் பேட்டைகளை அமைத்தனர். அவற்றைப் பேணுவதற்கென வணிகச் சரக்கின்மீது பெறப்பட்ட பங்கே மகமை. காலப்போக்கில் இந்நிதி கோயில், கிணறு, சத்திரம், கல்விக்கூடம் எனப் பொதுப்பணிகளுக்குப் பயன்பட்டது. இதனை உறவின்முறை நிருவகித்தது.

மகமையின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. வணிகர் ஒவ்வொருவரும் தத்தம் முதலில் தனித்தனியே வணிகம் செய்தனர். இலாபமும் இழப்பும் அவரவர்க்கே உரியன. சரக்கு பெருகினால் மகமையும் பெருகும். எனவே தனிமனிதரின் ஈட்டல் முனைப்பே கூட்டுநிதியின் ஊற்றாக இருந்தது. அந்நிதியால் கிடைத்த காவலும் கல்வியும் அடுத்த தலைமுறையின் தனி முனைப்புக்கு உதவின. இங்குத் தனிமனித விழுமியமும் கூட்டு விழுமியமும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கவில்லை, ஒன்றையொன்று வளர்த்தன.

1889-இல் விருதுநகரில் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை இதற்குச் சான்று. வீடுதோறும் சமைப்பதற்கு முன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து வழங்கிய முறை இப்பள்ளிக்குத் துணைநின்றது. கூட்டு விழுமியத்தின் நற்சான்றாக இது போற்றப்படுவது பொருத்தமே. எனினும் அரிசியை எடுத்துவைத்த பெண்களிடம் உறவின்முறையின் நிருவாகம் இருக்கவில்லை என்பதும் உடன் பதிவுசெய்யத்தக்கது. கொடுப்போரும் முடிவெடுப்போரும் வேறு வேறாக அமைவதைக் 'கூட்டுணர்வு' என்னும் ஒற்றைச்சொல் மறைத்துவிடுகிறது.

இக்கூட்டு உருவானதற்கு வெளியழுத்தமும் காரணமாகும். கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சூழலில் 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் எதிர்த்தீர்ப்புப் பெற்றது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் நிறுவப்பட்ட நாடார் வங்கி பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியானது. பிற குழுக்களின் விலக்கலை எதிர்கொண்ட ஒரு குழு, நீதிமன்றம், சங்கம், வங்கி ஆகிய புதிய நிறுவனங்களின் வழியே தன்னை வலுப்படுத்திக்கொண்டது. தொன்றுதொட்டு வரும் 'கீழை மனம்' என்னும் விளக்கத்தில் இவ்வரலாறு அடங்காது.

சிவகாசி: கூட்டின் எல்லை

1923-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தொடக்கத்தில் இணைந்து தொழில் நடத்திய இருவரும் சில ஆண்டுகளில் பிரிந்து, அணில், காக்கா ஆகிய வணிகச் சின்னங்களுடன் தனித்தனி நிறுவனங்களை வளர்த்தனர். உறவும் போட்டியும் ஒருங்கே நின்ற இத்தொழில் வளர்ச்சியே பின்னர்ப் பட்டாசு, அச்சு என விரிந்து, சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்னும் பெயரை ஈட்டித் தந்தது.

தொழிற்கூடத்தின் உள்ளே நிலைமை வேறு. வட்டாரத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' எனவும் 'வெடி ஆபீஸ்' எனவும் வழங்கும் இக்கூடங்களில் பல சாதிகளையும் சேர்ந்த தொழிலாளர் பணிபுரிகின்றனர். குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், திரி வைத்தல், சரம் பின்னுதல் ஆகிய வேலைகள் பலவற்றுக்கு எண்ணிக்கைக் கணக்கிலேயே கூலி வழங்கப்பட்டு வந்துள்ளது. விரைந்து செய்பவருக்கு மிகுதி. உடல் நலிந்தவருக்குக் குறைவு. அருகில் அமர்ந்திருப்பவரின் கூலியோடு ஒருவரின் கூலிக்குத் தொடர்பில்லை. 'கூட்டுச் சமூகம்' என வகைப்படுத்தப்படும் ஒரு நிலத்தில் உழைப்பு மிகத் தனிமைப்பட்ட வடிவில் அமைந்திருப்பதை இது காட்டுகிறது.

இதனோடு இலண்டனை ஒப்பிடலாம். 1888-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையின் பெண் தொழிலாளர் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். வெண்பாஸ்பரத்தால் தாடையெலும்பு அழுகும் நோயும், கூலியிலிருந்து பிடிக்கப்பட்ட அபராதங்களும் அப்பெண்களை வாட்டின. பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையாரே அவ்வாலையின் நிலையை எழுதி வெளிப்படுத்தியவர். வேலைநிறுத்தம் வென்றது, பெண்களுக்கெனத் தொழிற்சங்கமும் அமைந்தது. தனிமனிதப் பண்பாட்டின் தாயகம் எனப்படும் நாட்டில் தீப்பெட்டிப் பெண்கள் கூட்டாக நின்று உரிமை பெற்றனர். சிவகாசி வட்டாரத்திலும் தொழிற்சங்கங்கள் இயங்கி வருகின்றன. ஆகவே இரு நிலங்களின் நிகழ்வுகளையும் பண்பாட்டு மதிப்பெண்ணைக் கொண்டு விளக்க முயல்வதைவிட, தொழிலமைப்பையும் அமைப்பாக்கத்தையும் கொண்டு விளக்குவது பொருத்தமுடையது.

உரிமையும் பொறுப்பும்

சிவகாசியின் குழந்தை உழைப்பு குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாகப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் ரூ.20,000 செலுத்த வேண்டும். அத்தொகை குழந்தைகளுக்கான மறுவாழ்வு நிதியில் சேர வேண்டும். குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாவிடில் ரூ.5,000 அந்நிதிக்கு வழங்க வேண்டும் என்பன அதன் கூறுகள். அரசமைப்பின் 24-ஆம் உறுப்பு குழந்தையைத் தனி உரிமையாளராக ஏற்கிறது. ஆனால் அவ்வுரிமையை நிறைவேற்ற நீதிமன்றம் நாடியவை ஒரு பொதுநிதியும் குடும்பமும். மேலைச் சட்ட மரபின் வழிவந்த தனிமனித உரிமை, மகமையை ஒத்த ஒரு கூட்டுநிதியின் துணையால்தான் செயல்வடிவம் பெற முயன்றது. வேறுபாடு எல்லையில் உள்ளது: மகமையின் பயனாளி ஒரு சமூகத்தார், இந்நிதியின் பயனாளி எச்சாதிக் குழந்தையும் ஆகலாம்.

இவ்வெல்லை விரிவைக் காமராசரின் பணியிலும் காணலாம். 1903-இல் விருதுநகரில் பிறந்து, பிடி அரிசியால் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற அவர், முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவுத் திட்டத்தை விரிவுபடுத்தினார். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை வழிநடத்திய அக்காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊரார் தந்த நன்கொடைகளைக் கொண்டு பள்ளிகளை மேம்படுத்தின. ஒரு சமூகத்தின் வழக்கமாக இருந்த கொடைமுறை மாநிலக் குடிமக்கள் அனைவருக்குமான திட்டத்தோடு இணைந்தமையை இங்கு உணரலாம்.

எல்லை விரியாத இடத்தில் இழப்பு நேர்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் தொழிலாளரல்லாத, வெடியொலி கேட்டு அங்கு விரைந்த சுற்றுவட்டாரத்தினரும் இருந்தனர். ஆபத்தில் ஓடிச்செல்லும் மனப்பாங்கு இம்மண்ணில் குறைவன்று. உரிமம் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மற்றொருவர் எனப் பொறுப்பு சிதறும் நிலையில், அம்மனப்பாங்கு மட்டும் உயிர்களைக் காக்கப் போதாது.

முடிவுரை

விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தின் வரலாறு கீழை, மேலை என்னும் பகுப்பில் பொருந்தாமல் நிற்கிறது. கூட்டு விழுமியம் இங்கு உண்டு. அது தனி முனைப்பால் வளர்ந்தது, விலக்கலுக்கு எதிராகத் திரண்டது, எல்லைகளை உடையது. எனவே ஒப்பீட்டு ஆய்வில் ஈடுபடுவோர் ஒரு சமூகத்தைக் 'கூட்டுச் சமூகம்' என வகைப்படுத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: யார் கொடுக்கின்றனர்? யார் முடிவெடுக்கின்றனர்? யார் பெறுகின்றனர்? மகமை, பிடி அரிசி, மறுவாழ்வு நிதி ஆகிய மூன்றும் கூட்டுநிதிகளே ஆயினும், இவ்வினாக்களுக்கு அவை தரும் விடைகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைக் காணாத ஆய்வு, உறவின்முறையின் பெருமையைப் பேசும். சரம் பின்னும் தொழிலாளியைக் காணாது விடும்.