முதுகுத் தண்டுகளுக்கு ஏன் குறுக்குப் படி?

முதுகெலும்பை இணைக்கும் அறுவையைப் பற்றி எழுதுவோர் பலர் "கம்பி வைத்து நிமிர்த்தினார்கள்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றனர். அவ்வரி போதாது. கம்பி நிரந்தரத் தூணன்று. எதனோடு எப்படிப் பிணைத்தார்கள் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்க மருத்துவர் பால் ஹாரிங்டன், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்களுக்காக அமைத்த கருவியை 1962-இல் விவரித்தார். மேலும் கீழும் கொக்கிகள், இடையே எஃகுத் தண்டு. ஜாக்கியைப் போல முதுகை நீட்டிப் பிடித்தது. பெருஞ்சாதனைதான், ஆனால் பாரமெல்லாம் இரு முனைகளில் விழுந்தது. இடுப்பருகே இருக்கவேண்டிய உட்குழிவும் பலருக்குத் தட்டையாயிற்று. மெக்சிகோவின் லூக்கே 1970-களில் ஒவ்வோர் எலும்பையும் இரு தண்டுகளோடு கட்டினார். 1980-களில் பிரான்சின் கோட்ரெல், டுபூசே இருவரும் அத்தண்டுகளைக் குறுக்கேயும் இணைத்தனர்.

எங்கள் பேராவூரணித் தோப்புகளில் சாத்தியிருக்கும் மூங்கில் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். படிகளைக் கழற்றினால் மூங்கில்கள் தனித்தனியே திருகும். படிகள் இருந்தால் ஒன்று முன்னும் மற்றது பின்னும் போகாது. ஆனால் நடுப்படியில் ஆள் நின்றால் ஏணி வளைகிறதே, அதைப் படிகள் தடுக்கின்றனவா? இல்லை. சோதனைச்சாலை அளவீடுகளும் இதையே காட்டின. குறுக்கு இணைப்பு முறுக்கத்தை நன்கு எதிர்க்கிறது. குனிதலில் அதன் உதவி சொற்பம். குனிதலுக்குத் தண்டின் தடிமன் வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வதால், 5.5 மி.மீ. தண்டை 6 மி.மீ. ஆக்கினாலே ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. எனவே, இணைப்புகளை அடுக்கிக்கொண்டே போவது நல்லது என்ற எண்ணத்தை நான் ஏற்பதற்கில்லை.

ஓயாமல் வளைந்தால் எந்த உலோகமும் அயர்ந்து முறியும். நாளுக்கு 3,000 அடி நடப்பவர் ஆண்டில் பத்து லட்சம் முறைக்கு மேல் அதை அசைக்கிறார். ஒட்டுவைத்த எலும்பு கூடும்வரை தாங்குவதே தண்டின் வேலை. எலும்பு கூடாவிடில் நாளடைவில் தண்டு முறியக்கூடும்.

கம்பியே வேண்டாதவர்களும் உண்டு. 1970-களில் சென்னையில் தொடங்கிய ஆய்வில், முதுகெலும்புக் காசநோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் நடமாடிக்கொண்டே மருந்துண்டு குணமடைந்தனர். கூன் பெருகிவரும் குழந்தைகளும் கால் செயலிழப்போரும் வேறு வகை. அவர்களுக்கு அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. அறுவை என்று முடிவானால், எலும்பு கூடியதா என்பதை எப்போது படமெடுத்துப் பார்ப்பார்கள், அதுவரை நாற்று நடக் குனியலாமா, தேங்காய் மூட்டை தூக்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.