பேச்சால் தோற்ற மீட்புப் படம்

2014 பிப்ரவரியில் வெளியான ‘தி மான்யுமென்ட்ஸ் மென்’, இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொள்ளையிட்ட ஓவியங்களையும் சிற்பங்களையும் தேடி மீட்பதற்கென நேச நாடுகள் அமைத்த படைப்பிரிவின் கதையைச் சொல்கிறது. ஜார்ஜ் க்ளூனி இயக்கி நடிக்க, மேட் டேமன், பில் முர்ரே, கேட் பிளாஞ்செட் ஆகியோர் உடன் நடித்த இப்படம் ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவில் உருவாகி அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வசூலித்தபோதிலும், விமர்சகர்களில் பெரும்பாலோரின் ஒப்புதலைப் பெறவில்லை. வேடிக்கையும் போர்த்துயரும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதும், குழு ஆளுக்கொரு திசையில் பிரிவதால் எந்தப் பாத்திரமும் வேர்பிடிக்கவில்லை என்பதும் அவர்கள் கண்ட முதன்மைக் குறைகள்; பெயர்பெற்ற மட்டையாளர்கள் பலர் இருந்தும் ஒரு பார்ட்னர்ஷிப்கூட அமையாத அணியின் ஆட்டம் அது.

நடிப்பைவிடத் திரைக்கதையில்தான் பழுது ஆழமாக உள்ளது. கலைப்பொருள் ஓர் உயிருக்கு ஈடாகுமா என்ற வினாவுக்கு, குழுத் தலைவரின் உரைகளே மீண்டும் மீண்டும் விடை கூறுகின்றன. பாரிஸின் ழே த போம் அருங்காட்சியகத்தில் தமக்கு ஜெர்மன் தெரியும் என்பதை மறைத்து, கொள்ளைப்பொருள்கள் எங்கே செல்கின்றன என்று இரகசியமாகக் குறித்துவந்த ரோஸ் வலான் என்ற அலுவலரை மாதிரியாகக் கொண்ட பாத்திரமே பிளாஞ்செட்டுடையது. அந்தக் குறிப்பெடுக்கும் வேலையின் ஆபத்தில் நிலைத்திருக்க வேண்டிய காட்சிகள் காதல் சாயலுக்கு நழுவுகின்றன.

வலானின் நூலிலிருந்து உருவாகி ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கத்தில் 1964இல் வெளியான ‘தி டிரெயின்’ இதற்கு மாறானது. பர்ட் லங்காஸ்டர் ஏற்ற ரயில்வே அலுவலர் பட்டறையில் தம் கையாலேயே பேரிங் வார்க்கிறார். முதிய எஞ்சின் ஓட்டுநர் எண்ணெய்க் குழாயில் நாணயத்தைச் செருகி, ஜெர்மானியர் ஓவியங்களை ஏற்றிச் செல்லும் வண்டியை முடக்குகிறார். ரயில்வே ஊழியர்கள் நிலையப் பெயர்ப்பலகைகளை மாற்றி ஜெர்மானியரையே ஏமாற்றுகிறார்கள். ஆவடிப் பக்கத்து ரயில் கார் ஷெட்டிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் உழைப்பவர்களுக்கு, வசனத்தின் துணையின்றியே இப்படத்தின் பதற்றம் விளங்கும். இறுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிணையாளிகளும் ஓவியப் பெட்டிகளும் ஒரே சட்டகத்துக்குள் கிடக்க, கலையின் விலை குறித்த தீர்ப்பு பார்வையாளரிடமே விடப்படுகிறது.

மீட்புக் கதையின் உயிர் பேச்சில் அல்ல, பொறுமையான வேலையில்தான் என்பதைத் தமிழகத்தின் சிலை மீட்பு வரலாறும் உறுதிப்படுத்துகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கிய சோழர்கால நடராசர், ‘தி மான்யுமென்ட்ஸ் மென்’ வெளிவந்த அதே 2014இல், செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த 1994ஆம் ஆண்டு ஒளிப்படம் அச்சிலை அக்கோயிலுடையதே என்பதை நிறுவுவதில் முக்கியச் சான்றாயிற்று. வலானின் குறிப்பேடு செய்ததும் இதே வேலைதான். பூந்தமல்லியை அடுத்த படப்பிடிப்பு அரங்குகளில் நாளை இந்தச் சிலை மீட்புக் கதைக்குக் கோயிலோ நீதிமன்றமோ எழுப்பப்படுமானால், நாயகனின் சண்டைக்கும் முழக்கத்துக்கும் முன்பாக, பழைய படமொன்றையும் சிலையின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமைக்குத் திரைநேரம் ஒதுக்கப்பட வேண்டும்.