மது விளம்பரமும் மயங்காத மாந்தரும்

நூலை மதிப்பிட நம்மவரிடம் இலக்கணம் உண்டு. நாடகத்தை மதிப்பிடவும் உண்டு. ஆனால் இந்நாளில் மக்கள் நூலினும் நாடகத்தினும் மிகுதியாகக் காண்பது விளம்பரத்தையே. காலையில் பத்திரிகையைப் பிரித்தால் விளம்பரம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலேறினால் விளம்பரம். கையிலுள்ள தொலைபேசியைத் தொட்டால் விளம்பரம். இவ்வளவு பரவிய ஒரு கலையை மதிப்பிட நம்மிடம் உள்ளவை 'நன்றாயிருக்கிறது', 'நன்றாயில்லை' என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே. இக்குறை நீங்கவேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்கு நாம் கொள்வது மது விளம்பரம். விளம்பரக் கலையின் வலிமையும் பொய்ம்மையும் ஒருசேர விளங்குவது அதில்தான்.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 'தி அப்ரெண்டிஸ்' என்றொரு வர்த்தகப் போட்டியைத் தொலைக்காட்சியில் நடத்தி வருகிறது. ஆலன் சுகர் என்னும் வணிகப் பிரபு நடுவராக வீற்றிருப்பார். இளைஞரும் யுவதிகளும் இரு அணியாகப் பிரிந்து வாரந்தோறும் ஒரு வாணிப வேலையை முடித்துக் காட்டவேண்டும். தோற்ற அணியில் ஒருவர் வெளியேறவேண்டும். இதே போட்டியின் ஆசியப் பதிப்பு 2013-ஆம் ஆண்டில் நமது கோலாலம்பூரிலேயே, டோனி பெர்னாண்டஸ் நடுவராயிருக்க, நடைபெற்றதை நேயர்கள் நினைவுகூரலாம். பிரிட்டனில் 2012-இல் நடந்த எட்டாம் தொடரில், இங்கிலாந்தில் விளையும் நுரைக்கும் திராட்சை மதுவுக்கு விளம்பரம் செய்யும் வேலை தரப்பட்டது. விளம்பரத் தொழிலைக் கற்றறியாதவர்கள் சில நாள்களுக்குள் ஒரு சிறு படம் எடுத்து, துறை வல்லுநர்முன் படைத்தார்கள். அந்தத் தொடரில் இறுதிச் சுற்றுவரை சென்ற ஒருவர் உயர்வகைத் திராட்சை மது வியாபாரத்திலேயே இருந்தவர் என்பது சுவையான செய்தி. எந்த அணி வென்றது என்பது நமக்கு முக்கியமன்று. எவ்வளவுகோலால் அளந்தார்கள் என்பதே முக்கியம்.

முதலில் வணிகரின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. விளம்பரம் எப்பொருளைப் பற்றியது என்பது பார்ப்பவனுக்கு விளங்கவேண்டும். யாரை நோக்கிப் பேசுகிறது என்பது தெளிவாயிருக்கவேண்டும். பார்த்தவன் அப்பொருளை மறவாதிருக்கவேண்டும். இம்மூன்றும் எந்த எழுத்துக்கும் பொருந்துவனவே. பயிற்சியில்லாதவர் பெரும்பாலும் இடறி விழுவது முதற்படியில். அவர்கள் பொருளைப் பாராமல், தாம் முன்பு பார்த்த விளம்பரங்களைப் பார்க்கிறார்கள். மாளிகை, மெழுகுவத்தி, பட்டாடை, மெல்லிசை, கண்ணாடிக் கிண்ணம் என்று பிறர் அடுக்கியவற்றையே அடுக்குகிறார்கள். அல்லது சிரிப்பூட்டப் புகுந்து, சிரிப்பு நிற்கப் பொருள் மறையும்படி செய்துவிடுகிறார்கள். நம் நாட்டில் பிறர் கவிதையைப் படித்துப் படித்து நிலவையும் குயிலையும் பாடும் புதுக் கவிராயருக்கும் இவர்களுக்கும் வேற்றுமை யாது?

இத்தனைக்கும் இங்கிலாந்து மதுவைப் பற்றிச் சொல்ல உண்மையான செய்தி உண்டு. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள சுண்ணாம்பு நிலம், பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்து நிலத்தை ஒத்தது. பயிராகும் திராட்சை இனங்களும் பெரும்பாலும் அவையே. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைத்து நுரையை உண்டாக்கும் முறையும் அதுவே. ஆயினும் ஷாம்பெயின் என்ற பெயரை அந்த வட்டாரத்தார் தவிரப் பிறர் இட்டுக்கொள்ளலாகாது. ஆக, தன்மை ஒன்று, பெயர் மட்டும் இல்லை என்னும் நிலையிலுள்ள ஒரு பொருளுக்கு மதிப்புத் தேடித் தருவதே அப்போட்டியின் உள்ளடங்கிய சிக்கல். மண்ணையும் குளிரையும் உழவன் கையையும் நேர்மையாகச் சொல்லியிருந்தால் அதுவே நல்ல எழுத்தாகும். அவ்வளவில், வணிகரின் அளவுகோலும் இலக்கிய அளவுகோலும் ஒன்றே.

நிற்க. அந்நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் இல்லத்தில் எழுந்தது. உடனிருந்த இளைஞர்கள் பல நாட்டு மது விளம்பரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒளியமைப்பைப் புகழ்ந்தார். ஒருவர் வாசகத்தைப் பழித்தார். நாமும் நம் பங்குக்கு ஏதோ சொன்னோம். கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பதாண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர், அந்நண்பரின் பாட்டியார், மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நம்மை நோக்கி, "ஏன் தம்பி, இத்தனை படம் ஓட்டினீங்களே, இதிலே குடிச்சவன் ஒருத்தனும் இல்லையே?" என்றார்.

அங்கிருந்த எவரும் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. கிண்ணத்தை ஏந்துகிறார்கள், உதட்டருகே கொண்டுபோகிறார்கள், சிரிக்கிறார்கள், ஆடுகிறார்கள். ஆனால் நா குழறியவன் இல்லை, கால் தள்ளாடியவன் இல்லை, சம்பளத்தைத் தொலைத்தவன் இல்லை, வாசலில் காத்திருக்கும் மனைவி இல்லை. பொருள் இருக்கிறது, பொருளின் பயன் இல்லை. சவர்க்கார விளம்பரத்தில் வெளுத்த துணியைக் காட்டுவார்கள். மருந்து விளம்பரத்தில் நோய் நீங்கியவனைக் காட்டுவார்கள். மது விளம்பரம் ஒன்றில்தான் அப்பொருள் வேலைசெய்து முடித்த பின்னுள்ள மனிதனைக் காட்டுவதில்லை. பிரிட்டனின் விளம்பர விதிகள், அளவுமீறிக் குடிப்பதைக் காட்டக்கூடாது என்றும், மதுவினால் காதலிலோ சமூகத்திலோ வெற்றி வருமெனக் காட்டக்கூடாது என்றும், குடிப்பவராகக் காட்டப்படுவோர் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராய்த் தோன்றக்கூடாது என்றும் கூறுகின்றன. நல்லெண்ணத்தோடு செய்த விதிகளே. ஆயினும் அவற்றால் விளைந்த வேடிக்கையைப் பாருங்கள்: குடிகாரனை விளம்பரத்திலிருந்து வெளியேற்றும் வேலையை விதியே செய்து கொடுத்துவிட்டது!

வள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், தான் உண்ணாத பொழுதில், உண்டு மயங்கிய இன்னொருவனைக் காண்கிறவன், தன் நிலையும் இதுதானே என்று எண்ணிப் பாரானோ என வினவுகிறார். தெளிந்தவன் கண்முன் மயங்கியவனை நிறுத்துவது வள்ளுவர் வழி. மயங்கப் போகிறவன் கண்முன் தெளிந்தவனை நிறுத்துவது விளம்பரத்தார் வழி. படிப்பறியாத மூதாட்டியார் கேட்டது வள்ளுவரின் கேள்வியே.

பயிலுநர் போட்டியை விட்டுத் தொழில்வல்லாரிடம் வருவோம். 'கின்னஸ் உனக்கு நல்லது' என்னும் வாசகம் 1929-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் தோன்றியது. எவ்வளவு குறுகிய வாக்கியம்! உவமையில்லை, அணியில்லை, மறுக்க ஒரு பிடியுமில்லை. அதை வெளியிட்ட பென்சன் விளம்பர நிலையத்தில், பிற்காலத்தில் புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியை டாரதி சேயர்ஸ் 1922 முதல் 1931 வரை வாசகம் எழுதும் வேலை பார்த்தார். விளம்பர நிலையத்தையே களமாக்கி 1933-இல் ஒரு நாவலும் எழுதினார். சிறந்த பேனாக்கள் இத்தொழிலுக்கு ஊழியம் செய்தன என்பதற்கு இது சான்று.

'நல்லது' என்னும் அந்தச் சொல் கடல் கடந்து நம்மிடம் வந்தபோது என்ன ஆயிற்று? கறுப்புப் பீர் இரத்தத்துக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம் குடும்பங்களில் ஊறியது. அதற்கும் கீழே, ஏழைத் தொழிலாளி வாங்கும் சம்சுப் புட்டிகள், வாத நோய்க்கும் உடல் வலிக்கும் அஜீரணத்துக்கும் நல்லதென்று விளம்பரம் செய்து விற்கப்பட்டன. பாலூட்டும் தாய்க்கும் நல்லதென்ற துணிவும் உண்டு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தார் இதை எதிர்த்துப் பன்னெடுங்காலம் போராடினர். இலண்டனில் அது நயமான வாசகம்; தோட்டத்து லயத்தில் அது மருந்துச் சீட்டு. ஒரே சொல் எவர் காதில் விழுகிறது என்பதைப் பாராத திறனாய்வு, திறனாய்வே ஆகாது.

நம் நாட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மது விளம்பரம் இடம்பெறுவதில்லை. 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தப்பட்டது. ஆனால் முன்வாசல் அடைபட்ட விளம்பரம் பின்வாசலால் வருகிறது: பண்டிகை வாழ்த்தாக, இசை நிகழ்ச்சியாக, நன்கொடையாக. 2024-இல் சிப்பாங் வட்டாரத்துச் சீனப் பள்ளியொன்றுக்கு நிதி வழங்கிய நிகழ்ச்சியில், மாதிரிக் காசோலையின்மீது பீர்ச் சின்னம் இருந்ததால் நாடெங்கும் வாதம் மூண்டது. பள்ளிக்குப் பணம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழ்ப் பள்ளிகளின் வறுமையை அறிந்தவர் மறுக்கவும் மாட்டார். ஆனால் பழைய தோட்டக் கதை நினைவுக்கு வருகிறது. அந்நாளில் தோட்டக் கள்ளுக்கடையின் வருவாயில் ஒரு பகுதி 'தொழிலாளர் நலம்' என்னும் பெயரால் நிதியில் சேர்க்கப்பட்டது. அவன் குடித்துத் தொலைத்த காசில் ஒரு துளி அவனுக்கே தருமமாகத் திரும்பியது. அதற்கு அவன் நன்றி கூறவும் வேண்டியிருந்தது.

அக்கள்ளுக்கடைக்கு விளம்பரமே வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, வெயிலில் பால் சுமந்து, துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி ஒடுங்கி, மாலையில் திரும்பும் உடலுக்கு அக்கடையே கண்ணெதிரே நின்றது. நூலகமில்லை, விளையாட்டு வெளியில்லை. கடை மட்டும் உண்டு. வேறெதுவும் இல்லாமையே மிகப்பெரிய விளம்பரம். இதை உணர்ந்தபடியால்தான் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவை ஒழிக்கும் கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் சாய்ந்தனர். குடிக்கிறவர்களே கடையை மூடச் சொன்னார்கள் என்னும் இச்செய்தியைவிட வலிய மதுவிலக்குப் பிரசாரம் எது?

பிறரைக் குறைகூறும் நாம் நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். மதுவுக்கு எதிர்விளம்பரம் செய்தவர்களும் பயிலுநர்களே. 1929-இல் இராஜகோபாலாச்சாரியார் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே நடத்தினார்; கல்கி அதில் துணையாசிரியர். கதையும் படமும் பாட்டுமாகச் செய்தி சொன்ன அப்பத்திரிகை, எதிரியின் கலையைக் கற்று எதிரியையே தாக்கிய முயற்சி. அதன் பின் வந்த நம்மவர் நாடகங்கள் அந்நெறியில் நிற்கவில்லை. அவற்றில் குடிகாரன் ஒன்று கோமாளி, அன்றி அரக்கன். கோமாளியைக் கண்டு சபையோர் சிரித்தார்கள். அரக்கனைக் கண்டு 'அது நானல்லேன்' என்று ஆறுதலடைந்தார்கள். தன்னைத் தானே கண்டவன் எவனுமில்லை. மது விளம்பரம் குடிகாரனை மறைத்தது. நாம் அவனை உருத்தெரியாமல் செய்தோம். பொய்யின் வகை வேறு, பயன் ஒன்று.

இனி ஒரு தடை எழலாம். சங்கப் புலவர் கள்ளைப் பாடவில்லையா, அதியமான் மறைந்தபோது அவன் கள் பகிர்ந்தளித்த அன்பை எண்ணி ஔவையார் அழவில்லையா என்று கேட்கலாம். அழுதார், உலகம் உள்ளளவும் அது உயர்ந்த கவிதை. ஆனால் அக்கவிதையில் விற்பவன் இல்லை. கொடுத்தவன் இறந்தான், பெற்றவர் அழுதார், இடையில் காசு இல்லை. குடியைப் பாடுவது வேறு, குடியை விற்கப் பாடுவது வேறு. முன்னது அனுபவம், பின்னது வலை.

ஆதலின் வணிகரின் மூன்று அளவுகோலோடு நான்காவது ஒன்றையும் நேயர்கள் கைக்கொள்ளவேண்டுகிறோம்: இவ்விளம்பரம் யாரை ஒளித்து வைத்திருக்கிறது? போட்டியில் கலந்துகொள்ளும் இளைஞர் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டால், அவர்கள் மேடையில் தோற்கலாம், எழுத்தில் தோற்கமாட்டார்கள். மண்ணைப் பற்றி, உழைப்பைப் பற்றி உண்மை சொல்லும் விளம்பரத்துக்கு நாம் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. நோய்க்கு மருந்தென்றும், துயருக்குத் துணையென்றும், பண்டிகைக்கு அழகென்றும் பேசும் விளம்பரம் எவ்வளவு எழிலுடையதாயினும் அதற்கு நாம் இடும் மதிப்பெண் சுழி.

அம்மூதாட்டியாரிடம் பின்னர் நாம், "பாட்டி, நீங்களே ஒரு படம் எடுப்பதானால் என்ன காட்டுவீர்கள்?" என்று கேட்டோம். அவர் சற்று எண்ணி, "சம்பள நாள் சாயங்காலம், லயத்து வாசல்லே நின்னு பொம்பளைங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்போம் தம்பி. அதைக் காட்டினாப் போதும்" என்றார்.

அப்படத்தில் கிண்ணமில்லை, புட்டியில்லை, குடிகாரனும் இல்லை. ஆயினும் அங்கே ஒளித்துவைக்கப்பட்டவர் எவருமிலர்.