டக்கோட்டாவின் அலுமினியத் தோல்

வெள்ளிப் பெயின்ற் பூசிய மாதிரி விமானம் மன்னார் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது. அலுமாரிக்குள் பளபளவென்று இருந்தது, யன்னலோரம் வந்ததும் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். இந்தத் தீவில் கடல், உப்பளம், வெண்மணல் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஒளி திரும்பி வந்து விழுகிறது. பெயின்றுக்குள் இருக்கும் உலோகத் துகள்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடப்பதால், விழுந்த ஒளி சிதறிப் போகிறது. பசை தடவிய அலுமினியத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய விமானமோ அதே யன்னலடியில்தான் உயிர் பெறும். ஒரு தகடு மின்னும்போது பக்கத்துத் தகடு கறுத்திருக்கும். விமானத்தை ஒரு விரற்கடை திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நல்ல லக்கர்கள் இப்போது வருகின்றன, கைதேர்ந்தவர்கள் அவற்றாலும் வித்தை காட்டுகிறார்கள். ஆனால் இந்த இடமாற்றம் அவற்றுக்கு வராது.

இதற்கு ஏற்ற விமானம் டக்கோட்டாதான் என்பது என் கட்சி. எயர் சிலோன் தன் சேவையை 1947 டிசம்பர் 10ஆம் திகதி தொடங்கியது டக்கோட்டாவில்தான். இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. அந்நிறுவனத்தின் முதல் மூன்று விமானங்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர். வரைபடத்தில் இரத்மலானையையும் காங்கேசன்துறை விமானநிலையம் இருக்கும் பலாலியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள்; கோடு திருக்கேதீச்சரத்துக்குச் சற்றுக் கிழக்கே, கட்டுக்கரைக் குளத்தை ஒட்டிப் போகும். அந்தக் காலத்து டக்கோட்டாக்களில் பல, பெயின்ற் பூசாத வெறும் அலுமினியத் தோலோடு பறந்தவை.

அந்தத் தோலையும் நம் மேசையில் கிடக்கும் தாளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஓர் அழகான பொருத்தம் தெரியும். டக்கோட்டாவின் தகடு தடிப்பில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது. 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 95 அடி இறக்கை 40 சென்ரிமீற்றர் அளவாகிறது. ஒரு மில்லிமீற்றர் தகடோ 0.014 மில்லிமீற்றருக்கு இறங்குகிறது. சமையலறை அலுமினியத் தாளின் தடிப்பு கிட்டத்தட்ட 0.016. இன்னொன்றும் உண்டு. விமானத் தகடு செம்பு கலந்த வலுவான அலுமினியக் கலவை. உப்புக்காற்று அதை அரித்துவிடும் என்பதால் அதன் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக உருட்டிச் சேர்ப்பார்கள். ஆக, வெயிலில் மின்னிய வெளிமுகம் தூய அலுமினியம், மாதிரியில் நாம் ஒட்டுவதும் ஏறக்குறைய அதுவே. பொருளாலும் தடிப்பாலும் இத்தனை நெருக்கமாக வரும் வேறொரு வேலை மாதிரிக் கலையில் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு தகட்டை ஒட்டுவதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். முதலில் பிளாஸ்ரிக்கை மினுக்க வேண்டும், நீர்த்தாளால் தேய்த்து, பிறகு துணியால். பெயின்ற் ஒரு கீறலை மறைக்கும். தாள் அதைப் பறையடித்துச் சொல்லும். ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் மேலே பரு எழும்பிவிடும். அதனால்தான் சோளகம் வீசும் மாதங்களில் இங்கே யன்னலைச் சாத்திவிட்டு வியர்க்க வியர்க்க இந்த வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இந்தத் தீவின் தம்பபவனிக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுக்குப் பசைத்தாள் எம்மாத்திரம்! தகட்டின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகத் தாளை வெட்டி, அலகு நுனியால் தூக்கி, இழுக்காமல் வைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சுக்குச்சியால் நீவினால் காற்று வெளியேறும். பிறகு கூர் மழுக்கிய பல்லுக்குத்தியால் தகட்டின் எல்லைக்கோட்டை அழுத்தினால், தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஒரு கோடு தெளியும். அந்தக் கோட்டில் புத்தம்புது அலகு போக வேண்டும், பாரமே இல்லாமல். ஒரு நாள் பாவித்த அலகு தாளை வெட்டாது, கிழிக்கும்.

எயர்பிக்ஸ் நிறுவனத்தின் பழைய டக்கோட்டா மாதிரியின் உடம்பெல்லாம் துருத்தி நிற்கும் ஆணித்தலைகளைப் பலர் கேலி செய்வார்கள். பெயின்றுக்கு அவை குறைதான். தாளை ஒட்டி நீவும்போதோ ஒவ்வொரு ஆணியும் ஒரு சிறு ஒளிப்புள்ளியாக மேலே வருகிறது.

நயம் முழுவதும் தகடுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது. உருளைகளுக்கிடையே நசுங்கி வந்த தாளில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் மெல்லிய வரிகள் ஒரே திசையில் ஓடும். ஒரு துண்டை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் ஒட்டினால், ஒரே தாள் இரண்டு நிறமாகத் தெரியும். சமையலறைத் தாளில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். கடைசி உருட்டலில் இரண்டு தாள்களைச் சேர்த்து விடுவதால், ஒன்றையொன்று தொட்ட பக்கங்கள் மங்கிப் போகின்றன. இன்னும் கறுத்த சாயல் வேண்டுமென்றால் முட்டைக்கோதோடு போட்டு அவிப்பவர்கள் உண்டு. காரம் ஏறிய தண்ணீரில் அலுமினியம் கறுக்கும். இயந்திரத்தைச் சூழ்ந்த தகடுகளுக்கு அந்தச் சாயல் அளவாகப் பொருந்தும். எல்லாத் தகட்டுக்கும் ஒவ்வொரு சாயல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது சதுரங்கப் பலகை, விமானம் அல்ல.

ஒட்டுபவரின் கை எப்படிப்பட்டது என்று அறிய மூக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வளையும் பரப்பில் தட்டையான தாள் இசைந்து படியாது. தோடம்பழத்தைக் காகிதத்தால் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூக்கையாவது ஒடுங்கிய கீலங்களாகப் பிரித்துச் சமாளிக்கலாம். இறக்கை உடலோடு சேரும் குழிந்த மடிப்பில் அதுவும் எடுபடாது. அங்கே தாளை இளக இளக நீவி, சுருக்கம் எழுந்ததும் விரல் நுனியால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்த மடிப்பு சுருக்கமின்றி வந்திருந்தால் மற்ற இடங்களைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்துவிடலாம்.

தாளை எங்கே ஒட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டக்கோட்டாவின் சுக்கானும், உயர்த்திகளும், இறக்கை நுனிப்பக்க அசையும் பாகங்களும் உலோகத் தகடு போர்த்தவை அல்ல. துணி போர்த்து வெள்ளிப் பூச்சுப் பூசியவை. அங்கே பெயின்ற்தான் உண்மை. பளிச்சிடும் வாலின் பின்விளிம்பில் மங்கிய சுக்கான் ஒன்று நின்றால், செய்தவர் அந்த விமானத்தை அறிந்தவர் என்று சொல்லிவிடலாம். முழுவதையும் தாளால் மூடியவருக்குக் கைத்திறன் இருக்கிறது, கண் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு வழக்கு. உப்புக்காற்றுக்கும் விரல் ரேகைக்கும் பயந்து, ஒட்டி முடித்த விமானத்தின் மேல் பலர் வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். மறுகணமே அந்த ஒளி இடமாற்றம் பாதியாகிவிடும், இத்தனை பாடும் வெள்ளிப் பெயின்ற் நிலைக்கு இறங்கிவிடும். கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து மூடிவையுங்கள், தூக்கும்போது பருத்திக் கையுறை போடுங்கள். வார்னிஷ் மட்டும் வேண்டாம்.