பாண்டியர் வீட்டுப் பகை: மூன்று சாட்சிகள்

அரியணைக்காக அண்ணனும் தம்பியும் மோதினார்கள்; தோற்ற சுந்தர பாண்டியன் டில்லிக்கு ஓடி அந்நாட்டுத் தளபதி மாலிக் காபூரை மதுரைக்கு அழைத்து வந்தான். பலருக்கும் தெரிந்த கதை இது. இதன் மூலத்தைத் தேடிப்போனால் பாரசீகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கதையைச் சொன்னவர் வஸ்ஸாப். மங்கோலியர் ஆட்சியில் ஷிராஸில் இருந்த அதிகாரி. பாண்டிய நாட்டுச் செய்தி அவர் காதுக்கு எட்டியதற்குக் காரணம் காயல் துறைமுகத்துக் குதிரை வணிகம். கீஷ் தீவிலிருந்து குதிரை அனுப்பிய ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன், பாண்டியன் அவையில் அமைச்சராகவே இருந்தார். வஸ்ஸாப் சொல்வதன்படி சுந்தரன் பட்டத்தரசியின் மகன். வீர பாண்டியன் காமக்கிழத்தியின் மகன். மாறவர்மன் குலசேகரன் வீரனுக்கே முன்னுரிமை தர, 1310இல் சுந்தரன் தந்தையைக் கொன்றான். பின்னர் வீரனின் கை ஓங்கவும் டில்லியில் போய் அடைக்கலம் புகுந்தான்.

இரண்டாம் சாட்சி டில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் அவைக்கவிஞர் அமீர் குஸ்ரோ. சகோதரச் சண்டையை அவரும் அறிவார். ஆனால் அவர் எழுதிய 1311ஆம் ஆண்டுப் படையெடுப்பில் சுந்தரன் கூட்டாளி அல்லன். வீரனைத் துரத்திய காபூர் மதுரைக்கு வந்தபோது, சுந்தரன் அரசியருடன் தப்பிவிட்டிருந்தான். சில யானைகள் மட்டுமே மிஞ்சின. அழைத்தவன் ஊரையே சூறையாடுவானா காபூர்? தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம் என்று வரிசையாகத் திறைகொண்டு வந்த படைக்கு யாருடைய அழைப்பும் தேவைப்பட்டிருக்காது. வீட்டுச் சண்டை அதன் வேலையை எளிதாக்கியது என்ற அளவில் நின்றுகொள்வது நல்லது.

மூன்றாம் சாட்சியான கல்வெட்டு, கேள்வியையே மாற்றிவிடுகிறது.

1268இல் ஆட்சிக்கு வந்த குலசேகரன் உயிரோடிருக்கும்போதே வீரனுக்கு 1297 முதலும் சுந்தரனுக்கு 1303 முதலும் தனித்தனி ஆட்சியாண்டுகள் தொடங்குகின்றன. ஆக, இருவரும் பட்டத்துக்குக் காத்திருந்த இளவரசர்கள் அல்லர்; முடிசூடிய மன்னர்கள். ஒரே காலத்தில் பல பாண்டியர் ஆள்வது அக்குலத்து வழக்கம். 1290களில் வந்த மார்க்கோ போலோவும் ஐந்து உடன்பிறந்த மன்னர்களைப் பற்றிச் சொல்கிறார்: அவர்கள் போருக்கு எழும்போது தாய் குறுக்கே நின்று, பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டி நிறுத்துவாளாம்.

சண்டைக்கு வழிவிட்ட இந்தக் கூட்டாட்சியே ஆய்வாளரையும் திணறடித்தது. மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களும் சுந்தரன், வீரன், குலசேகரன் என்ற பெயர்களும் தலைமுறைதோறும் திரும்ப வருகின்றன. எந்தக் கல்வெட்டு எவனுடையது? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929இல் பாண்டியர் வரலாற்றை நூலாக்கினார். குடந்தை என். சேதுராமன் 1978இல் வெளியிட்ட நூலில், கல்வெட்டுகள் தரும் நாள், நட்சத்திரம், திதி ஆகியவற்றைக் கணக்கிட்டு மன்னர்களைப் பிரித்துக்காட்ட முயன்றார். அரண்மனைக் கொலை பற்றி, மன்னன் புகழ்பாடும் மெய்க்கீர்த்தி வாய் திறக்காது. ஆனால் யார் எங்கே, எந்த ஆண்டில் ஆணையிட்டான் என்பதற்குக் கல்வெட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

பகை 1310இல் முளைத்ததும் அன்று. 1160களில் பராக்கிரம பாண்டியனை வேறொரு குலசேகரன் முற்றுகையிட, பராக்கிரமன் இலங்கையின் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வந்து சேருமுன் கொல்லப்பட்டான். இலங்கைத் தளபதியின் வெற்றிகளை அந்நாட்டு வரலாற்று நூலான ‘சூளவம்சம்’ அடுக்க, அப்படையை விரட்டிய பெருமையைச் சோழர் கல்வெட்டுகள் பேசுகின்றன. இங்கும் உள்வீட்டுப் பிணக்கை வெளியார் தத்தம் வெற்றிக் கதையாகவே எழுதிவைத்தார்கள்.

காபூர் போனபின் மூன்றாவதாக ஒருவர் வந்தார்: வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன். காஞ்சிவரை வந்து வேகவதிக் கரையில் முடிசூடிக்கொண்டதை அவ்வூர் அருளாளப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பாண்டிய இளவரசியை மணந்தவர் அவர். வீரனுக்குத் துணைநின்றதாக வஸ்ஸாப் குறிப்பிடுபவனும் மாறவர்மன் குலசேகரனின் மகள் வயிற்றுப் பேரன். தந்தை, மகன் வரிசையை மட்டும் வைத்து எழுதிய வரலாற்றில், பெண்வழி உறவாக வந்த இந்த உரிமையும் உதவியும் இன்னும் ஓரத்திலேயே கிடக்கின்றன.