இரவல் கோட்டும் துணித் தூணும்

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூண் நினைவிருக்கும். துணியில் தீட்டிய தூண். பக்கத்தில் ஒதுக்கி முடிந்த திரை, அதுவும் தீட்டியதுதான். எங்கள் வீட்டுப் படத்தில் சின்னத் தாத்தா அதன் முன்னே கோட்டுப் போட்டு நிற்கிறார். கோட்டுக் கை விரல் நுனி வரை வழிகிறது. இடுப்பில் வேட்டி, காலில் செருப்பில்லை. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. ஆணியில் தொங்கும், வருகிறவர் மாட்டிக்கொண்டு நிற்பார்.

இந்தத் தூணுக்கும் திரைக்கும் பூர்வீகம் ஐரோப்பிய அரண்மனை. அதை உச்சிக்குக் கொண்டுபோனவர் இயாசிந்த் ரிகோ. அவர் 1701இல் தீட்டிய பதினான்காம் லூயி இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஒன்பதடி உயரப் படம். பின்னால் பெருந்தூண், மேலே சிவப்புத் திரை, பொன் மலர் பதித்த நீல வெல்வெட் அங்கி, சிவப்புக் குதிச் செருப்பு. அறுபதைத் தாண்டிய அரசர் ஆட்டக்காரனைப் போல வெண்பட்டு உறையிட்ட காலை முன்னே நீட்டுகிறார். முகத்துக்கு வயது ஏறியிருக்கிறது, காலுக்கு ஏறவில்லை.

ரிகோவின் பட்டறையில் துணிக்கு ஒருவர், பூவுக்கு ஒருவர், பின்னணிப் போர்க்களத்துக்கு ஒருவர் என்று ஆள் இருந்தார்கள். அவருடைய கணக்கேட்டில் ஒரு செய்தி எனக்குப் பிடித்தது. முன்பே வேறொருவருக்குத் தீட்டிய உடையை அப்படியே திரும்பத் தீட்டினால் கூலி குறைவு. ஆக, வெர்சாய் வட்டாரத்திலும் ஒரு கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பிரெஞ்சு மரபு முழுக்க இப்படி இல்லை. 1530 வாக்கில் கிளூயே பெயரில் வழங்கும் முதலாம் பிரான்சுவா படத்தில் பட்டுக் கைகள் இரண்டும் படத்தின் அகலத்தையே அடைத்துக்கொள்கின்றன, உடைதான் உடம்பு. லார்ஜிலியேர் பட்டின் மினுக்கத்தை பாரிஸ் நகரத்துப் பணக்காரர்களுக்கும் கொடுத்தார். 1783இல் எலிசபெத் விஜே லெ ப்ரன், அரசி மரி அந்துவானெத்தை வைக்கோல் தொப்பியும் வெள்ளை மஸ்லின் உடையுமாகத் தீட்டிக் கண்காட்சியில் வைத்தார். உள்ளுடையோடு அரசியா, லியோன் பட்டு நெசவாளர் என்னாவது என்று கூச்சல். படத்தை இறக்கிவிட்டு, அதே முகம், அதே ரோஜா, பட்டு உடை என்று இன்னொன்று தீட்டவேண்டி வந்தது. அந்த உடை அரசி தானே விரும்பி உடுத்தியது. தான் விரும்பியதை உடுத்திக்கொண்டு நின்றதற்குத்தான் தண்டனை. உருவப்படத்து உடையை எடைபோட நான் கைக்கொள்ளும் அளவுகோலும் இதுதான்: அதைத் தேர்ந்தது யார்?

1854இல் பாரிஸில் திஸ்தெரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படம் மலிந்தது. தூணும் திரையும் துணியில் ஏறி உலகம் சுற்றக் கிளம்பின.

இலங்கையில் அதற்கு முன்பே படத்துக்கான உடைகள் இருந்தன. கண்டிப் பிரதானிகளின் நாற்கோணத் தொப்பியும் இடுப்பைச் சுற்றி உப்பிய வெண்துணியும் ஒரு வழி. கரையோர முதலியார்களின் பித்தான் வரிசைக் கோட்டும் வாளும் இன்னொரு வழி. இரண்டும் பதவி கொடுத்த உடை. பெரிய வீடுகளின் சுவரில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு.

தோட்டத்துத் தமிழர்களான நம்மவர்களை முதலில் படம் பிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். ஸ்கோவன், ஸ்கீன், பிறகு 1890இல் தொடங்கிய பிளாத்தே நிறுவனம். அந்தப் படங்களில் பெண்ணுக்குப் பெயர் கிடையாது, ‘தமிழ்ப் பெண்’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ எழுதினால் முடிந்தது. களுத்துறையில் இருந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தன்னைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நார்த்தையே சால்வை சுற்றிக் கூந்தலை அவிழ்த்துத் தன் கற்பனைக்கு நிறுத்திப் படம் பிடித்தவர். துரைசானிக்கே அந்தக் கதி என்றால், கூலிக்காரப் பெண்ணிடம் யார் கேட்டிருப்பார்கள்?

1890இல் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். தேயிலை விளம்பரங்களில் கூடைக்காரி சிரிக்கத் தொடங்கினாள். அவள் சேலை கசங்காது. இடுப்பில் சுற்றும் முரட்டுப் படங்குத் துணி இல்லை, தலையில் மழைக்குப் போட்ட கம்பளி இல்லை. ஊவாவின் பனியில் அந்த இரண்டும் இல்லாமல் ஒருத்தி மலை ஏறியிருந்தால் அட்டையும் குளிரும் என்ன செய்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தன் காசில், தன் இஷ்டத்துக்கு நின்றவர்களில் முந்தியவர், தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த பெரிய கங்காணி. தலைப்பாகை, கடுக்கன், கறுப்புக் கோட்டு, அதில் குறுக்கே ஓடும் கடிகாரச் சங்கிலி, கையில் குடை. துரையின் கோட்டையும் ஊர் மிராசுதாரின் தலைப்பாகையையும் ஒரே உடம்பில் சேர்த்தார். அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பது அவரிடம் பட்ட துண்டுக் கடனைக் கட்டிய கூலிக்காரர்களுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்த பெண்சாதிமார் படத்துக்குத் தனி இலக்கணம் இருந்தது. தண்டட்டி இரண்டும் தெரிய வேண்டும், கை முழங்காலில் விரிந்திருக்க வேண்டும், வளையல் எண்ணும்படி. ஒரு காது மறைந்தாலும் படம் பழுது.

லயத்துச் சனம் கூட்டமாக ஸ்டூடியோப் படி ஏறியது அரசாங்கத்தால்தான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். அந்தப் படத்தில் தூண் கிடையாது, திரை கிடையாது. மார்புக்கு மேல் முகம், பின்னால் வெறும் வெளுப்பு. சின்னத் தாத்தாவின் அந்தப் படத்தில் அவர் போட்டிருப்பது சொந்தச் சட்டை. கழுத்துப் பித்தான் இல்லை.

அதே நாள், அதே ஸ்டூடியோவில், பிரிவதற்கு முன் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு படம் எடுத்து மாற்றிக்கொண்டார்களாம். அதனால்தான் எங்கள் சுவரில் தாத்தா இல்லாமல் தம்பி தொங்குகிறார். கோத்தகிரியில் சின்னத் தாத்தாவின் பேரன் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். சாமி படங்களுக்கு நடுவே என் தாத்தா. அதே தூண், அதே கோட்டு. அவர் நெட்டை, கோட்டுக் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.