ஏழு தேர்ந்தெடுத்த எண்

381654729. முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. பார்த்தால் யாருடைய வங்கிக் கணக்கு எண்ணோ என்று தோன்றும். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒருமுறை வருகின்றன. அழகு அதில் இல்லை. அப்படி அடுக்க 3,62,880 வழிகள் உண்டு.

இடப்பக்கமிருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 38 இரண்டால் மீதியின்றி வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், 38165 ஐந்தால், 381654 ஆறால். 3816547 ஏழால் வகுபடும், ஈவு 545221. 38165472 எட்டால். முழு எண்ணும் ஒன்பதால். 3,62,880 அடுக்குகளில் இப்படி நடப்பது இது ஒன்றுதான்!

ஏன் ஒன்றே ஒன்று? அங்கேதான் நயம். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறெதுவும் நிற்காது. 2, 4, 6, 8 ஆகிய இடங்களுக்கு இரட்டைப்படை இலக்கங்களே வர வேண்டும். ஆக, மற்ற இடங்கள் ஒற்றைப்படைக்கு. மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படை என்பதால், நான்கால் வகுபட நான்காவது இலக்கம் 2 அல்லது 6தான். எட்டாவதுக்கும் அதே கதி. மிஞ்சிய 4, 8 இரண்டாம், ஆறாம் இடங்களுக்கு. முதல் மூன்று இலக்கமும் முதல் ஆறு இலக்கமும் மூன்றால் வகுபட வேண்டுமே, அதனால் நடுவில் 258 அல்லது 654 மட்டுமே அமரும். ஒன்பதுக்கு வேலையே இல்லை: எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை 45.

இத்தனை வடிகட்டலுக்கும் தப்பி வருபவை 10 எண்கள். இறங்குவரிசையில் கம்பீரமாக நிற்கும் 987654321 அதில் ஒன்று. தொலைபேசிப் பொத்தான்களில் முதல் இரண்டு வரிசையை மேலிருந்து கீழாகவும் மூன்றாவதைக் கீழிருந்து மேலாகவும் அழுத்தினால் வரும் 147258963 இன்னொன்று. இரண்டையும் ஏழு தள்ளிவிட்டது: 9876543-இல் மீதி 5, 1472589-இல் மீதி 6. ஒழுங்காகத் தெரிந்தவை தோற்க, ஒழுங்கே இல்லாததுபோல் கிடந்தது தேறியது.

கொசுறு ஒன்றும் உண்டு. மும்மூன்றாகப் பிரித்தால் 381, 654, 729. கூட்டுத்தொகைகள் 12, 15, 18. கடைசியில் நிற்கும் 729 ஒன்பதின் கனம். யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை, தானாக வந்தது. வலக்கோடியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் பத்தாலும் வகுபடும்.

ஏழிடம் தோற்ற எண்களில் இன்னும் ஏழு பாக்கி. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களே தேடுங்கள், 183654729-இல் தொடங்கலாம்.